சொட்டுக் குழாயை அடைத்தவள்

மேல் வீட்டில் குடியிருந்தவள், தண்ணீர் ஃபோர்ஸாக வரவில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். முதல் தடவை சிரித்து மழுப்பினேன். இரண்டாவது தடவை, ஷவரில் உப்பு அடைத்திருக்கும், கழற்றி வினிகரில் ஊறவை என்றேன். மூன்றாவது தடவை பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். "ஆன்ட்டி, எங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துலயே ஒரு பிளாட் காலியா இருக்காம். அங்க ஷவரத் திறந்தா அப்படியே கொட்டுதாம்." சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே நான் மட்டும். மேலே ஒரு நர்ஸும் அவளுடைய எட்டு வயது மகளும் குடியிருந்தார்கள். அவள் கணவன் துபாயில் வேலை. தர்மபுரிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்தக் கன்னட ஊரில்தான். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பாள். பிள்ளையைத் திட்டும்போது இரண்டு மொழியும் போதாமல் இங்கிலீஷையும் கூப்பிட்டுக்கொள்வாள்.

என் கணவர் போனபிறகு ஆறு மாசம் மேல் வீடு காலியாகக் கிடந்தது. பையன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் வீடு திரும்பியதும் போன் செய்வான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா. மூன்று கேள்வி, மூன்று ஆமாம். மற்ற ஆறு நாட்களும் பேச ஆள் கிடையாது. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் தொங்கும் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு சாயந்திரம் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கடையில் வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, கரகரவென்று காற்றுதான் வந்தது. காலையிலிருந்து நான் பேச முயன்ற முதல் வார்த்தை அதுதான். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுகைக்கு மட்டும் தொண்டை நன்றாகவே வேலை செய்தது.

அதனால்தான் அந்த இரண்டு பேரும் எனக்கு அவ்வளவு முக்கியமாகிப் போனார்கள். அவர்கள் என்னிடம் அப்படியொன்றும் வந்து உட்கார்ந்து பேசியதில்லை. அவளுக்கு ஷிப்ட், பிள்ளைக்கு ஸ்கூல், டியூஷன். ஆனால் தலைக்கு மேல் மிக்ஸி ஓடும். டம்ளர் உருளும். அந்தப் பெண் வாய்ப்பாட்டைக் கன்னடத்தில் ராகம் போட்டு ஒப்பிப்பாள், ஏழெட்டு எவ்வளவு என்ற இடத்தில் தினமும் தடுக்கி விழுவாள். கீழே நான் காப்பி ஆற்றிக்கொண்டே ஐம்பத்தாறு என்று சொல்வேன். அவளுக்குக் கேட்காது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது ஒரு ஷவருக்காக அவர்கள் போய்விடப் பார்க்கிறார்கள் என்றால் நான் சும்மா இருப்பேனா?

குற்றம் டேங்கின் மேல்தான். மொட்டை மாடியில் அது தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. கீழ் வீட்டுக்கு உயரம் கிடைப்பதால் என் குழாயில் தண்ணீர் நன்றாக விழும். மேல் வீட்டு ஷவருக்கும் டேங்குக்கும் நடுவில் நாலடிகூட இல்லை. எங்கிருந்து வேகம் வரும்? ஸ்டாண்டு கட்டி டேங்கை உயர்த்த வேண்டும் என்று என் கணவர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே இருந்தார், போய்ச் சேர்ந்துவிட்டார். மகானுபாவர்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். ஒக்கலிபுரத்திலிருந்து வருகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், இருபது வருஷமாக எங்கள் வீட்டுக் குழாய்களை அவர்தான் பார்க்கிறார். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கும் அவர்தான். மேலே ஏறினார், டேங்கைப் பார்த்தார், பாத்ரூமுக்குப் போய்க் கீசரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பிரஷர் மோட்டார் போடலாம்மா. சின்னது போதும். ஆனா உங்க பைப்பு பழசு, கீசரு அதவிடப் பழசு. ஜாஸ்தி பிரஷர் குடுத்தா தாங்காது. ரெண்டு கிலோவுக்குள்ள செட் பண்ணித் தரேன். அப்பறம் அதத் தொடக் கூடாது."

தண்ணீரின் அழுத்தத்தை அவர் கிலோவில்தான் சொல்வார், கத்தரிக்காய் மாதிரி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஷவரத் திறந்தா ஜோரா கொட்டணும்" என்றேன்.

"ஜோரா கொட்டறது பெருசில்லம்மா. பைப்பு பொறுத்துக்கணும், அதான் பெருசு."

மறுநாளே டேங்குக்குப் பக்கத்தில் மோட்டாரைப் பொருத்தினார். யாராவது மேல் வீட்டில் குழாயைத் திறந்தால் அது தானாக ஓடும், மூடினால் நிற்கும். அதன் தலையில் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர், உள்ளே ஒரு முள். கீசருக்குப் புதிதாக ஒரு சேஃப்டி வால்வு போட்டார். அந்த வால்விலிருந்து ஓர் அரையங்குலப் பைப்பை எடுத்து, வெளிச்சுவரோடு கீழே இறக்கி, என் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே வாயைத் திறந்தபடி விட்டார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணி சூடானா பெருகும்மா. இத்தன நாளும் அது வந்த வழியே டேங்குக்குத் திரும்பிப் போயிட்டிருந்துச்சு. இப்ப மோட்டார்கிட்ட ஒன்வே வால்வு இருக்குது, திரும்ப முடியாது. அந்தப் பெருகற தண்ணி இதுல சொட்டும். கீசர் போடறப்பல்லாம் சொட்டும். சொட்டணும். சொட்டுதேன்னு அடச்சிடாதீங்க."

தலையை ஆட்டினேன். இதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அவர் சொன்னார், என் இரண்டு காதாலும் கேட்டேன், தலையையும் ஆட்டினேன்.

மேல் வீட்டில் ஷவர் கொட்டியது. அந்தச் சின்னப் பெண் கூச்சல் போட்டுக்கொண்டே குளித்தது எனக்குக் கீழே கேட்டது. அன்று சாயந்திரம் அவள் அம்மா வந்து, "சூப்பர் ஆன்ட்டி, தலையில இருக்கற ஷாம்பூ ஒரே நிமிஷத்துல ஓடிப்போயிடுச்சு" என்றாள். பிளாட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்பக்கம் சொட்ட ஆரம்பித்தது. காலையில் அவர்கள் கீசரைப் போட்டதும் டொக், டொக், டொக். ஒரு பக்கெட்டை வைத்தேன். சின்ன விஷயம்தான். வேறு யாராக இருந்தாலும் அதோடு மறந்திருப்பார்கள். ஆனால் நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவள். முப்பது வீட்டுக்கு ஒரே குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் ஒரு மணி நேரம். குடத்தை எடுத்துவிட்டு அடுத்த குடத்தை வைப்பதற்குள் நாலு சொட்டு தரையில் விழுந்தால் பின்னால் நிற்பவள் என் வம்சத்தையே இழுப்பாள். சொட்டுகிற குழாயின் வாயைத் துணியால் சுற்றிக் கட்டாமல் யாரும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டோம். எங்கள் லைனில் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிகிறதோ இல்லையோ, குழாய்க்குத் துணி கட்டத் தெரியும். இன்றைக்கும் சொட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கை கழுவும் இடத்தில் குழாய்களை இறுக்கி மூடிவிட்டுத்தான் பந்திக்குப் போவேன்.

அந்தக் கோடை வேறு மோசமாக இருந்தது. போர்வெல்கள் வற்றிவிட்டன. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் வந்தால் உண்டு. தெருவில் டேங்கர் வண்டி நின்றால் ஜன்னலுக்கு ஜன்னல் தலை தெரியும். அந்த நேரத்தில் என் பக்கெட் நிறைந்து, பின்சந்து வழியாகத் தண்ணீர் வெளியே ஓடினால் தெரு என்ன பேசும்? பக்கத்து வீட்டம்மாள் ஏற்கெனவே, "என்னங்க, உங்க வீட்ல மட்டும் ஆறு ஓடுது" என்று ஒரு தடவை கிண்டல் பண்ணியாகிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் தங்கவயலில் என் பெரியம்மா மகள் இறந்துபோன செய்தி வந்தது. மூன்று நாள் தங்க வேண்டிய காரியம். பெட்டியை எடுத்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் அந்தப் பைப்பைப் பார்த்தேன். மூன்று நாள் பக்கெட்டை யார் எடுத்து ஊற்றுவார்கள்? நான் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவள். எந்தப் பைப்புக்கு எந்த மூடி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். வீட்டில் ஒரு டப்பா நிறைய உதிரிச் சாமான் கிடக்கிறது. அரையங்குல மூடி ஒன்றை எடுத்தேன், கசியாமல் இருக்கப் பைப்பின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினேன், மூடியைக் குறட்டால் திருகி இறுக்கினேன். ஒரு சொட்டு வரவில்லை. கச்சிதமான வேலை. வந்து கழற்றிவிடலாம் என்று ரயிலேறினேன்.

வந்து கழற்றவில்லை. மூன்று நாளில் ஒன்றும் ஆகவில்லையே, அந்த பிளம்பர் சும்மா பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன். பின்பக்கம் உலர்ந்து சுத்தமாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மூடி போட்டதிலிருந்து பதினைந்து நாள்தான் அந்த நிம்மதி.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலே டமாலென்று ஒரு சத்தம், பின்னாலேயே குழந்தையின் அலறல். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை. படியேறி ஓடினேன். பாத்ரூம் வாசலெல்லாம் ஆவி. கீசரிலிருந்து வருகிற ஹோஸ் பிளந்து, கொதிக்கிற தண்ணீர் சுவரில் அடித்துச் சிதறிக்கொண்டிருந்தது. மேலே மோட்டார், யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு உர்ரென்று ஓடி இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. பெண்ணை அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நான் மொட்டை மாடிக்கு ஏறி மோட்டாரின் சுவிட்சை அணைத்து, டேங்கின் வால்வை மூடினேன்.

இறங்கி வந்து பார்த்தால், பிள்ளையின் வலது காலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வால்வை மூடியதில், பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர்தான் நூலாக வந்துகொண்டிருந்தது. குடத்திலிருந்த தண்ணீரை மோந்து மோந்து ஊற்றினாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை செக்கச்செவேலென்று இருந்தது. நான் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தேடி எடுத்தேன். "எதையும் தடவாதீங்க ஆன்ட்டி! தண்ணி, தண்ணி மட்டும்" என்று கத்தினாள். கத்தினாளே தவிர ஊற்றுகிற கை நிற்கவில்லை. நர்ஸ் அல்லவா. நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். "டவல் எடுக்க வெளிய வந்துட்டா, வாசல்கிட்ட நின்னா, கால்ல மட்டும்தான் பட்டுது" என்று தன்னிடமே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னாள். உள்ளே ஷவருக்கு அடியில் நின்றிருந்தால்?

அவள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆட்டோ முனை திரும்பியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பின்பக்கம் போனேன். குறட்டை எடுத்து அந்த மூடியைக் கழற்றினேன். பைப்பிலிருந்து வெதுவெதுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. மூடியை நைட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான். யோசித்துத்தான் செய்தேன். இது தெரிந்தால் போய்விடுவார்கள், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. பிள்ளையின் காலைவிட அதுதான் முதலில் இருந்தது. சீ.

மத்தியானம் பிளம்பர் வந்தார். காலில் கட்டோடு பிள்ளையும் திரும்பி வந்திருந்தாள். கீசரின் வயிறு உப்பியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். வால்வைப் பார்த்தார். பிறகு கீழே வந்து பின்பக்கம் போய், அந்தப் பைப்பின் வாயருகே குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மரையை விரலால் துடைத்தார். நான் துவைக்கிற கல்லில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். என்னை ஒரு தடவை பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டு படியேறினார்.

மேலே போனதும் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "சின்னக் கொழந்த இருக்கற வீடு இது, கொத்தா, தெரியுமா? என்ன வேலங்க பண்ணீங்க? கொஞ்சம் உள்ள நின்னிருந்தா என் பொண்ணோட மொகமே போயிருக்கும்!"

நான் கதவோரம் நின்றிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பாயிடுச்சும்மா. வால்வு ஜாம் ஆயிருக்கும். நான் ஒருவாட்டி வந்து பாத்திருக்கணும்" என்றார்.

புதுக் கீசர் வந்தது. அதையும் அவரே பொருத்தினார், முகத்தைப் பார்த்துக்கூட யாரும் பேசாத வீட்டில், தலையைக் குனிந்துகொண்டு. அன்று சாயந்திரமே அவள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டாள். இந்த பிளம்பரைக் கூப்பிடாதீர்கள், என் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று, காலின் போட்டோவோடு. வரிசையாகக் கும்பிடுகிற கைகளும் அழுகிற முகங்களும் வந்து விழுந்தன. நானும் அந்தக் குரூப்பில் இருக்கிறேன். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு அதிக வெட்கம். அதற்குப் பிறகு வந்த பத்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். பிள்ளை ஸ்கூலுக்குப் போக முடியாது, அம்மா வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. "ஆன்ட்டி, உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டா?" என்று கேட்டாள். கேட்க வேண்டுமா! காலையில் தூக்கிக்கொண்டு வந்து என் சோபாவில் விடுவாள். தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் டிவி பார்ப்பாள், படம் வரைவாள், என்னைக் கேள்வி கேட்டே கொல்வாள். ஆன்ட்டி, உங்களுக்கு ஏன் ஃபிரெண்ட்ஸே இல்ல? ஆன்ட்டி, உங்க வீட்ல ஏன் ஒரே ஒரு சேர்ல மட்டும் குஷன் அமுங்கி இருக்கு? அவளுக்காகக் கேழ்வரகுக் களியைச் சின்ன உருண்டையாக உருட்டிக் கொடுத்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறை நேருக்கு நேராகவே சொல்லிக்கொடுத்தேன். சாயந்திரம் அவள் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் ஆன்ட்டி" என்பாள். கட்டு மாற்றும்போது அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைப்பாள். அந்தப் புண் சீக்கிரம் ஆறிவிடக் கூடாதே என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தேன். ஆண்டவனே, அப்படி நினைத்தவளும் நான்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். சாமியாருக்குக் கீசரைப் பற்றி விளக்குவதற்குள் பூசைக்கு மணியடித்துவிடும் என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் என்ன சொல்வார் என்பது தெரிந்ததால்தான் போகவில்லை.

பதினோராவது நாள் ரொட்டி வாங்கக் காக்ஸ் டவுன் பக்கம் போனேன். முனையில் இருக்கிற டீக்கடைப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணி. வேலைக்காரன் டீக்கடையில் உட்காருகிற நேரமா அது? சாமான் பை காலடியில் மூடியபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வேலைக்குப் போகலையா?" என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வரும்மா. இந்தப் பக்கம் இப்ப கொஞ்சம் டல்லு."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. ரோட்டோரம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ஊருக்குப் போனது, மூடி போட்டது, அன்றைக்கே ஓடிப்போய்க் கழற்றியது. அவர் ஆச்சரியமே படவில்லை.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"மூடி போட்டிருந்தது தெரியும். மரையில புது டெஃப்லான் ஒரு பிசிறு ஒட்டிட்டிருந்துச்சு. நான் வாயத் தொறந்து விட்ட பைப்புல டெஃப்லான் எதுக்கு வரும்? கீசரு வயிறு உப்பினதப் பாத்ததுமே சந்தேகம்தான். பெருகற தண்ணிக்கு வெளிய போக வழியில்லாம, தினம் கொஞ்சம் கொஞ்சமா ஹோஸ் நைஞ்சு ஒரு நாள் விட்டுடுச்சு."

"அப்ப ஏன் சொல்லல? நாய் மாதிரி திட்டு வாங்கிட்டு நின்னீங்களே!"

அவர் டம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினார். "சொன்னா அந்தம்மா காலி பண்ணிட்டுப் போயிடும். அப்பறம் நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க? நீங்க படற கஷ்டம் தெருவுக்கே தெரியும்மா. எனக்கென்ன, நான் வேற ஏரியால பாத்துக்குவேன்."

தெருவுக்கே தெரியும். நான் என்னவோ நிமிர்ந்து நடப்பதாகவும், கேட்டில் நின்று நாலு பேரை அதட்டுவதாகவும், என் வீட்டுக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது என்றும் நினைத்திருந்தேன். குழாய் ரிப்பேர் பண்ண வருகிறவர்கூட என் தனிமையைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு, தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. ரொட்டி வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று சாயந்திரம் மேல் வீட்டுக்குப் போனேன். அவள் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முன்னறையில் வரைந்துகொண்டிருந்தாள். நான் மூடியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன்.

"என்ன ஆன்ட்டி இது?"

"கீசர்லேருந்து சொட்டற பைப்போட மூடி. நான்தான் போட்டேன். ஊருக்குப் போறப்ப போட்டேன், வந்து எடுக்கவே இல்ல. அடைக்கக் கூடாதுன்னு பிளம்பர் சொல்லித்தான் இருந்தார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நீ ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஓடிப்போய்க் கழட்டினதும் நான்தான்."

அவள் மூடியைக் கையில் எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன நாளு இருந்துச்சு இது?"

"பதினஞ்சு நாளு."

"பதினஞ்சு நாளும் அவ அதுக்கு அடியிலதான் நின்னு குளிச்சா."

"ஆமா."

"ஏன் கழட்டி மறைச்சீங்க?"

"நீங்க போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். அந்த மோட்டாரப் போட்டதே அதுக்குத்தான். பிளாட் காலியா இருக்குன்னு சொன்னியே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "ஃபோர்ஸ் இல்லன்னா பக்கெட்ல புடிச்சு ஊத்திக்க மாட்டேனா ஆன்ட்டி? யாரோ சொன்னத உங்ககிட்ட சும்மா சொன்னேன். அந்த பிளாட்ட நான் போய்ப் பாக்கக்கூட இல்ல." மடித்த துணியின் மேல் அந்த மூடியை வைத்தாள். "இனிமேதான் போய்ப் பாக்கணும்."

நான் சரி என்றேன்.

"உங்க மேல கோவம்னு இல்ல. ஆனா அவள அந்த பாத்ரூமுக்குள்ள அனுப்பறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அதோட என்னால இருக்க முடியாது ஆன்ட்டி."

மறுபடியும் சரி என்றேன். கீழே வந்து, தெரு குரூப்பைத் திறந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். தப்பு பிளம்பருடையது அல்ல, என்னுடையது, அவர் வேண்டாம் என்று சொன்னதை நான்தான் செய்தேன். அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அனுப்பிய பிறகு யாரும் கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டம்மாள் மட்டும் மதில் மேலாக எட்டிப்பார்த்து, "எங்க சிங்க்குல லீக்காகுது, அவரோட நம்பர் குடுங்க" என்றாள். கொடுத்தேன்.

மாசக் கடைசியில் அவர்கள் காலி செய்தார்கள். பிள்ளையின் காலில் கட்டு போய், வெளிறிய தோல் தெரிந்தது. டெம்போவில் ஏறும்போது கையை ஆட்டினாள். அவள் அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, "மாத்திரைய மறக்காம போடுங்க ஆன்ட்டி" என்றாள். நல்ல பெண். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

போன வாரம் பிளம்பர் வந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார். யார் குடிவந்தாலும் இது சரியாக இருக்க வேண்டும் என்று நானே கூப்பிட்டிருந்தேன். ஹோஸ்களை மாற்றினார், சேஃப்டி வால்வின் கைப்பிடியைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று காட்டினார், மோட்டாரின் முள்ளை எப்படிப் படிப்பது என்று சொன்னார்.

"குழாய் மூடியிருக்கறப்ப முள்ளு ரெண்டத் தாண்டக் கூடாது. தொறந்தா ஒண்ணுக்குக் கீழ எறங்கக் கூடாது. மாசத்துக்கு ஒருவாட்டி பாத்துக்குங்க. ஆனா இதுக்கு ரெண்டு ஆள் வேணும்மா. ஒருத்தர் பாத்ரூம்ல குழாயத் தொறக்கணும், ஒருத்தர் மேல நின்னு முள்ளப் பாக்கணும்."

"ஆகட்டும்" என்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பையனின் போன் வந்து போனது. மூன்று கேள்வி, மூன்று ஆமாம். அதன்பிறகு மொட்டை மாடிக்கு ஏறி முள்ளைப் பார்த்தேன். சரியாக இரண்டில் நின்றது. படிக்கட்டுப் பக்கம் குனிந்து, "தொற!" என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. கீழே யாரும் இல்லை. இறங்கிப் போய் நானே குழாயைத் திறந்துவிட்டு, மறுபடியும் ஏறி வந்து முள்ளைப் பார்த்தேன்.